பூங்காவைப் பார்த்த மனை

பதினேழாம் எண் மனை குலுக்கலில் எனக்குத்தான் விழுந்தது. இன்று அதில் வீடு கட்டிக் குடியிருப்பவர் கண்டக்டர். இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தது முழுக்க என் கைவேலை. அதனால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. குறை சொல்ல ஆள் இல்லாத பொறாமை, மற்றப் பொறாமைகளைவிட அதிக நாள் உயிரோடு இருக்கிறது.

நான் தபால் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் அலுவலகம் திறந்ததும் முத்திரையில் தேதியை மாற்றுவதுதான் முதல் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எந்தக் காகிதம் எப்போது வந்தது, எந்த மழைக்கு எந்தச் சுவரில் ஓதம் ஏறியது, எல்லாவற்றுக்கும் என்னிடம் நோட்டு இருக்கிறது. ஆனாலும் இதில் ஆண்டையும் தேதியையும் எழுதப் போவதில்லை. எங்களுடையது சின்ன நகர். தேதி சொன்னால் ஆள் தெரிந்துவிடும். பெயர்களை விட்டதும் அதற்காகத்தான். மாதமும் கிழமையும் போதும்.

வாடகை வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில் என்று பல வருடம் ஓடியது. காலையில் நான் போகும் பஸ்ஸின் கண்டக்டர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரத்தில் எனக்காக ஒரு துண்டைப் போட்டு வைத்திருப்பார். யாராவது உட்கார வந்தால், "அது போஸ்ட்டு சார் எடம்மா. ஸ்டாம்பு ஒட்டியாச்சு, வேற அட்ரசுக்குப் போவாது" என்று பின்னால் அனுப்புவார். என் வாசிப்பில் பாதி அந்த ஜன்னலோரத்தில் நடந்ததுதான். விக்கிரவாண்டி வருவதற்குள் இருபது பக்கம் முடிப்பேன். அதற்குப் பிறகு அவர் டிக்கெட் வேலையை முடித்துவிட்டு வந்து கம்பியில் சாய்ந்து பேச ஆரம்பிப்பார். புத்தகத்தை மூடிவிடுவேன். மூடுவதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் நிலம் வாங்கி மனை பிரிக்கப் போகிறது என்று அவருக்குச் சொன்னவனே நான். விதிகளையும் படித்து விளக்கினேன். ஊரில் சொந்த வீடு இருக்கக் கூடாது. குடும்பத்துக்கு ஒரு மனைதான். யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும்.

"இன்னா சார், மூல மனைக்கும் சந்து மனைக்கும் ஒரே வெலையா?"

"ஒரே விலைதான். அதுக்குப் பேர்தான் கூட்டுறவு."

"அப்ப அதிர்ஷ்டக்காரன் அள்ளிக்கினு போயிடுவான்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு, முன்னால் யாரோ கூப்பிட அங்கே போனார். அடுத்த மாதமே அவரும் உறுப்பினர்.

குலுக்கல் ஓர் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பித்தளைக் குடத்தில் சீட்டுகளைப் போட்டு, உறுப்பினர்களை வரிசை எண்படி கூப்பிட்டார்கள். எனக்குப் பதினேழு. தெற்குப் பார்த்த மனை. கண்டக்டருக்கு முப்பத்தொன்று. கிழக்குப் பார்த்த மனை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குலுக்கல் முடிந்த பத்து நாளுக்குள் உறுப்பினர்கள் தங்களுக்குள் மனையை மாற்றிக்கொள்ளலாம். இருவரும் சம்மதக் கடிதம் கொடுத்தால் போதும், செயலாளர் பதிவேட்டில் திருத்திவிடுவார். விதிப் புத்தகத்தில் இது இருந்ததா என்று தேடினேன், இல்லை. ஆனால் இது இல்லாமல் குலுக்கலே நடந்திருக்காது. ரிஷபம், கன்னி, மகரத்துக்குத் தெற்கு வாசல், மேஷம், சிம்மம், தனுசுக்குக் கிழக்கு என்று காலண்டருக்குப் பின்னால் போட்டிருக்கிறதே, அதைப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வாசக்கால் வைப்பதில்லை. குலுக்கலுக்குக் காலண்டர் தெரியாது. அந்தப் பத்து நாளும் சங்க அலுவலக வாசலில் ஒரு ஜோசியர் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்துவிட்டார். "மேற்கு இருக்குது, வடக்கு வேணும், யாருகிட்டயாச்சும் கீதா?" என்று பேருந்து நிலையத்தில்கூட கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். செயலாளருக்குத் தலைவலி. "மனைய குடுத்தா மாப்ள பாக்கற மாதிரி பொருத்தம் பாக்கறானுங்க. இதுல ஜல்தி பண்ணு ஜல்தி பண்ணுன்னு என்ன வேற தொரத்தறானுங்க" என்றார்.

எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. நான் பார்த்தது வரைபடத்தை. சங்கத்துக்கு வரைபடம் போட்டவரைத் தனியாகப் பார்த்து, முழு மனைப்பிரிவுக்கும் அங்கீகார முத்திரை போட்ட நீலப் பிரதி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மற்றவர்கள் கையில் அவரவர் மனையின் துண்டுப்படம் மட்டும். பதினேழுக்கு எதிரே, தெருவுக்குத் தென்புறம், ஒரு பெரிய கட்டத்தில் 'சிறுவர் பூங்கா' என்று எழுதியிருந்தது. விழுப்புரத்தில் என் அலுவலக நண்பர் ஒருவர் குடியிருந்த மனைப்பிரிவிலும் இப்படி ஒரு பூங்கா வரைபடத்தில் இருந்தது. நேரில் அது சீமைக்கருவேலங்காடு. காலையில் ஆட்கள் சொம்போடு போய்வரும் இடம். பூங்கா என்று எழுதியிருந்தால் முள்காடு என்று படிக்கவேண்டும் என்பது அப்போது என் சித்தாந்தம். முப்பத்தொன்றுக்கு எதிரே வீட்டு மனைகள். அப்போது வெறும் நிலம், கிழக்கே திறப்பு. மரக்காணம் பக்கத்துக் கடல்காற்று நேராக வரும். வீடு கட்டுவதைப் பற்றி நாலைந்து புத்தகம் வேறு படித்திருந்தேன்.

இதை இப்படியே சொல்லிக் கேட்க முடியுமா? அதனால் பஸ்ஸில் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"கண்டக்டரே, ஒரு சங்கடம். எனக்குச் சிம்ம ராசி. கிழக்கு வாசல்தான் ஆகும்னு வீட்டுல சொல்றாங்க."

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு நிறுத்தம் கடந்துபோனது. "இதுக்கு ஏன் சார் மூஞ்ச இப்படி வெச்சிக்கினு கீறீங்க? என்து எட்த்துக்கோங்க. நான் கன்னி ராசி. எனக்கு தெற்குதான் ஆவும்" என்றார்.

மறுநாளே கடிதம் எழுதிக் கொடுத்தோம். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்த திருப்தியோடு அன்று இரவு தூங்கினேன்.

சங்கம் எல்லோருக்கும் பத்திரம் முடித்துக் கொடுத்த பிறகு, சாலைகளையும், வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருந்த ஒதுக்கிடத்தையும் நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அப்படிக் கொடுத்தால்தான் நகராட்சி விளக்கும் குடிநீரும் தரும், அதுதான் விதி. விளக்கு வந்தது, குழாய் வந்தது. என் வீட்டுக்கு எதிரே மூன்று மாடி வீடும் வந்தது. மரக்காணத்துக் காற்று அந்த வீட்டோடு நின்றுவிட்டது. எனக்குத் தெரிவது அவர்கள் குளியலறைக் குழாய்கள். எத்தனை மணிக்கு யார் குளிக்கிறார்கள் என்பதுவரை என்னால் எழுதிவைக்க முடியும்.

பதினேழுக்கு எதிரே நான் நினைத்தபடியே முள் வளர்ந்தது. அந்த ஒன்றரை வருடம் நான் மிகவும் நல்ல மனிதனாக இருந்தேன். கண்டக்டரைப் பார்த்தால் வலியப் போய்ப் பேசுவேன். அப்புறம் அவர் வாரவிடுமுறையில் கடப்பாரையோடு இறங்கினார். தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். முள்ளை வேரோடு எடுத்து, வேம்பும் புங்கும் மகிழமும் வைத்தார்கள். நகராட்சி ஒரு கம்பம் நட்டு விளக்குப் போட்டது. யாரோ கருங்கல் பலகை கொண்டுவந்து போட்டார்கள். மரங்கள் தலைக்கு மேல் போனதும் அந்தத் தெருவே வேறாகிவிட்டது. வெயில் காலத்தில் என் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பேப்பர் பறக்கும்.

யாராவது எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னால், பின்பக்கச் சாலை வழியாக வரச் சொல்வேன். முன்பக்கமாக வந்தால் பதினேழைக் கடக்கவேண்டும். கடந்து வருகிறவர்கள் உள்ளே வந்து தண்ணீர் குடித்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "பார்க்குக்கு எதிர்ல ஒரு வூடு கீது பாருங்க, இன்னா எடம்பா அது!" என்பதாக இருக்கும். என் மனைவி தினமும் மாலை ஐந்தரைக்கு அங்கே நடக்கப் போவாள். கண்டக்டரின் மனைவியும் அவளும் கூட்டாளிகள். "அங்க ஒக்காந்தா எழுந்துக்கவே மனசு வரலைங்க" என்று திரும்பி வந்து சொல்வாள். எங்கள் கேட்டிலிருந்து அந்தக் கல் பலகைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி வைக்கவேண்டும். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, கண்டக்டர் அதை மறைக்காததுதான். கல்யாணத்திலோ காதுகுத்திலோ என்னைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்களிடம், "இந்த மனை சாரு குடுத்தது. அவுரு ராசிக்கு ஆவாம என் ராசிக்கு வந்துது" என்று தோளில் கைபோட்டுச் சொல்வார். நானும் சிரிப்பேன்.

இப்படி இருக்கையில், ஒரு பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் நகராட்சி அறிவிப்பின் நகல். ஒதுக்கிடங்களைப் பற்றி மன்றம் ஒரு முடிவு எடுத்திருந்தது. தானமாக வந்த இடம் எதற்கானது என்று ஆவணத்தில் குறிப்பிடாமல் இருந்தால், அந்த வார்டுக்கு எது தேவையோ அதற்குப் பயன்படுத்தலாம். எங்கள் வார்டுக்குத் தேவை, குப்பையைப் பிரித்து உரமாக்கும் கொட்டகை. தானப் பத்திரத்தில் 'பொது ஒதுக்கிடம்' என்று மட்டும்தான் இருந்தது. ஆட்சேபம் இருந்தால் அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் ஆவணத்தோடு எழுதிக் கொடுக்கலாம். முடிவில் தவறு ஒன்றும் இல்லை. கொட்டகை எங்காவது வந்துதான் ஆகவேண்டும்.

"அங்கீகாரம் பண்ண வரைபடத்துல பார்க்குன்னு போட்ருந்தா காட்டுங்க, வுட்டுட்றோம்னு சொல்றாங்க சார்" என்றார் கண்டக்டர். "அதிகாரி நல்ல மாதிரியாதான் பேசறாரு. ஆனா வரைபடம் யாருகிட்ட கீது? ஊரமைப்பு ஆபீசுல நகல் கேட்டா முப்பது நாள் ஆவுமாம். நேரா உங்ககிட்ட வந்துட்டேன். உங்ககிட்ட இல்லாத காயிதமா?"

"இருந்தமாதிரி ஞாபகம். தேடிப் பாக்கறேன்" என்றேன்.

தேட ஒன்றுமில்லை. அது அலமாரி மேல் தகரக் குழாயில் இருந்தது. அவர் போனதும் எடுத்துக் கட்டிலில் விரித்தேன். அமோனியா வாடை இன்னும் போகவில்லை. நீலக் கோடுகள், முத்திரை, கையெழுத்து, நடுவில் பெரிய கட்டத்தில் 'சிறுவர் பூங்கா'. பதினேழு என்ற எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு சுருட்டிக் குழாயில் போட்டு மேலே வைத்துவிட்டேன்.

கொட்டகை வரவேண்டும் என்று நான் விரும்பினேனா? அப்படிச் சொல்லமாட்டேன். அவர் ஜன்னலில் ஈ மொய்க்கிற காட்சி ஒருமுறை மனதில் வந்தது, அதை நான் விரட்டவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் அவரும் அந்த மனையைப் பற்றிக் கவலைப்படட்டுமே என்றிருந்தது. கடைசி நாளுக்குள் கொடுத்துவிடலாம் என்றும் இருந்தது. தபால்காரனுக்குத் தாமதம் என்றால் என்னவென்று தெரியும். கடிதம் தொலையவில்லை, பையில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதுதான் தாமதம்.

கண்டக்டர் அலைந்தார். சங்கத்தைக் கலைத்து நாளாகிவிட்டது. பழைய செயலாளர் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். திரும்பி வந்து என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "பொட்டி கீது சார், உள்ள மண்ணுதான். கரையான் மொத்த பார்க்கையும் தின்னுட்டு ஏப்பம் வுட்டுச்சு" என்றார். சிரித்தார், ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை. அவர் மனைவிக்கு முழங்கால் அறுவை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கைத்தடியோடு அந்தப் பூங்காவைத்தான் சுற்றிச் சுற்றி நடந்து பழகிக்கொண்டிருந்தார். வேறு எங்கே நடப்பது, சாலையில் மணல் லாரி போகிறது.

நானும் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், விசாரித்து, காபி குடித்துவிட்டு வந்தேன்.

என் மனைவி கேட்டாள். "ஏங்க, மளிக சீட்டுகூட தேதிவாரியா கட்டி வெச்சிருக்கீங்க. இந்தப் படம் மட்டும் எங்க போச்சு?"

"இரவல் கொடுத்தேனோ என்னவோ."

"நீங்களா? இரவலா? நல்லா கீது கத" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குமேல் அவள் கேட்காதது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி நாளுக்கு முந்தைய நாள், வியாழக்கிழமை, கண்டக்டர் என்னை விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார். சங்கத்தின் பழைய கோப்பு கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் இருக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "நீங்க வந்தீங்கன்னா ஆபீஸ் பாஷ பேசுவீங்க. நான் பேசனா டிக்கெட் கேக்கற மாதிரி கீதாம்." முடியாது என்று எப்படிச் சொல்வது? என் வீட்டுக் குழாயில் இருக்கும் காகிதத்தைத் தேடி முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போனேன்.

பஸ்ஸிலும் அவருக்கு ராஜ மரியாதை. ஏறியதும் அந்த வண்டியின் கண்டக்டர், "அண்ணே, வாண்ணே" என்று இருவரை எழுப்பி இடம் கொடுத்தார். மயிலத்தில் ஏறிய ஒரு அம்மாள், "நீதானப்பா என் பேத்திய பரிச்சைக்கி இட்டுக்கினு போயி வுட்ட" என்று அவர் கன்னத்தைத் தொட்டார். நான் முப்பது வருடம் இந்தத் தடத்தில் போனவன். என்னை ஒருவருக்கும் தெரியவில்லை. வேர்க்கடலை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. அவர் அவித்த மல்லாட்டை வாங்கி, பொட்டலத்தை என் பக்கமாகவே பிடித்துக்கொண்டு வந்தார். உரித்துத் தின்றேன்.

அலுவலகத்தில் ஓர் எழுத்தர் அம்மா பொறுமையாகப் பழைய கட்டுகளைப் புரட்டினார். கண்டக்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார், தூசியைத் தட்டிக் கொடுத்தார், பத்து நிமிடத்தில் அவருடைய ஊர், பிள்ளைகள் படிப்பு எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்கள் சங்கத்துக் கோப்பு கிடைத்தது. குலுக்கல் நடவடிக்கை இருந்தது, மாற்றுக் கடிதங்கள் இருந்தன. வரைபடம் இல்லை.

"படத்தப் பதிவுக்குன்னு சங்கத்துக்கே திருப்பி அனுப்பியிருக்காங்க ஐயா. இதோ குறிப்பு" என்ற எழுத்தர் அம்மா, இன்னொரு தாளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "சிம்ம ராசிக்காரனானபடியால்... இது யாரு எழுதினது? கையெழுத்து அச்சடிச்ச மாதிரி கீது."

"சாருதான்!" என்றார் கண்டக்டர் பெருமையாக. கடிதத்தை வாங்கிப் படித்தார். கீழே தன் கடிதத்தையும் பார்த்தார். அப்புறம் சத்தம் போட்டுச் சிரித்தார். "சார், இப்ப சொல்லலாமா? எனக்கு ராசியே தெரியாது. எங்க அம்மாவுக்கு நான் பொறந்த மாசமே ஞாபகம் இல்ல, மல்லாட்ட புடுங்கற காலம்னு மட்டும் சொல்லும். நீங்க கேட்டப்ப உங்க மூஞ்சி சரியில்ல. எது தெற்குக்கு ஆவுமோ அந்த ராசின்னு சொல்லிட்டேன். கன்னின்னு ஜோசியர் கத்திக்கினு இருந்தது காதுல விழுந்துது."

"உங்க வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

"ஏன் சொல்லல? என் பொண்டாட்டி, கெழக்கு மனைய தூக்கி குடுத்துட்டு முள்ளுக்கு எதிர்ல போயி நிக்கிறியேன்னு ஒரு மாசம் பேசல. தெற்கு வாசல்னா அவங்க வூட்ல ஆவாது. சாரு கேட்டாரு, குடுத்துட்டேன், அதுக்கு மேல இன்னா பேச்சுன்னு சொல்லிட்டேன்."

எழுத்தர் அம்மா இருவரையும் பார்த்து, "இந்தக் காலத்துல இப்படியும் சிநேகிதம்" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு நன்றி வந்திருக்கவேண்டும். வந்தது வேறு. இத்தனை வருடம் அவருடைய மனைமேல் மட்டும் பொறாமைப்பட்டேன். அதற்காவது ஓர் எல்லைக்கல் இருந்தது. இப்போது, நான் சூழ்ச்சி செய்து வாங்கியதை இவர் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்தார் என்றும், கொடுத்ததில் இவருக்கு ஒன்றும் குறையவில்லை என்றும் தெரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். விக்கிரவாண்டி போனது, கூட்டேரிப்பட்டு போனது. பேருந்து நிலையத்தில் இறங்கியதும், "பரவால்ல சார், நாளைக்கி தெருக்காரங்க கையெழுத்து வாங்கி குடுத்து பாக்கறேன். உங்களுக்கு ஒரு நாள் என்னால கெட்டுப்போச்சு" என்று ஸ்கூட்டரில் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை குழாயை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கண்டக்டர் வீட்டுக்குப் போகவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தால், காப்பாற்றியவர் அவர் ஆவார். எங்கே கிடைத்தது என்று கேட்பார் என்ற பயமும் இருந்தது. ஆனால் முதல் காரணம் முதலாவதுதான். நேராக நகராட்சிக்குப் போய், என் பெயரில் ஆட்சேப மனு எழுதி, வரைபடத்தை இணைத்து நீட்டினேன்.

அங்கிருந்த பெண் அலுவலர் படத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்தார். முத்திரையைப் பார்த்தார். பூங்கா என்ற எழுத்தைப் பார்த்தார். "இதுதாங்க ஐயா வேணும். இதோட விஷயம் முடிஞ்சுது. இவ்வளவு நாளா ஒரு கண்டக்டர் தினம் வந்து நின்னுக்கினு இருந்தாரே, அவருக்குத் தெரியாதா உங்ககிட்ட இருக்கறது?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கண்டக்டர் கையெழுத்துத் தாள்களோடு வந்திருந்தார். மேசையைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"கெடச்சுடுச்சா சார்! எங்க இருந்துது?" என்று குனிந்தார். பூங்காவின் கட்டத்தைத் தடவினார். அப்போது படத்தின் ஓரத்தில் ஊசி குத்தி வைத்திருந்த சின்னச் சீட்டு அவர் கையில் பட்டது.

அது என் பழக்கம். முக்கியமான காகிதம் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு இருக்கும். எப்போது வெளியே எடுத்தாலும் அதில் நாளைக் குறித்துவிட்டுத்தான் திரும்ப வைப்பேன். யோசித்துச் செய்வதல்ல, முத்திரை குத்திய கை தானாகச் செய்வது. அந்தத் திங்கட்கிழமை மாலையும் என் கை செய்திருந்தது. தேதி, கிழமை, 'எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்தேன்', கீழே என் சுருக்கக் கையெழுத்து. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

கண்டக்டர் அதை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். அவருக்கும் அந்தத் திங்கட்கிழமை நினைவிருந்தது. நிமிர்ந்து அலுவலரிடம், "ஆமாம்மா, சாரு கொண்டாந்துட்டாரு. சீல் போட்டு வாங்கிக்கோங்க" என்று மட்டும் சொன்னார். தன் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே புளியமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார். நான் அருகில் போனேன்.

"இன்னாத்துக்கு சார்?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

"பொறாமை."

"எது மேல?"

"உங்க மனை மேல."

"அது நீங்க குடுத்தது."

"அதனாலதான்."

ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார். "என் பொண்டாட்டி அந்த முட்டிய வெச்சிக்கினு, இனிமே எங்க நடப்பேன்னு தெனம் கேட்டுக்கினு இருந்தா. நீங்க எதிர்ல ஒக்காந்து காப்பி குடிச்சீங்க. மனைய கேட்டப்ப குடுத்தேன். இதையும் கேட்ருக்கலாம் இல்ல? 'யோவ், எனக்கு வயிறு எரியுதுயா'ன்னு சொல்லியிருந்தா, ஒக்காந்து சிரிச்சிருப்பேன்." வண்டியைக் கிளப்பினார். எப்போதும் பின்னால் ஏறச் சொல்வார். அன்று சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. அங்கீகரித்த வரைபடத்தின்படி அந்த இடம் பூங்காவாகவே இருக்கும், கொட்டகைக்கு நகராட்சியின் வேறு நிலம் ஒதுக்கியாகிவிட்டது, மனுதாரருக்கு இது தெரிவிக்கப்படுகிறது. மனுதாரர் நான். கடிதத்தில் கண்டக்டரின் பெயர் இல்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே கையில் இருந்தது. ஒரு மாலை முழுதும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை முறை படித்தும் அதில் இருந்தது ஒரு முகவரிதான்.

மறுநாள் ஐந்தரைக்குப் பிறகு எடுத்துக்கொண்டு பதினேழாம் எண் வீட்டுக்குப் போனேன். கண்டக்டர் கேட்டுக்கு உட்புறம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை கேட்டுக்கு மேலாக நீட்டினேன். குழாயைக் கீழே போட்டுவிட்டு, கையை லுங்கியில் துடைத்து, வாங்கி முழுதும் படித்தார்.

"நல்லதுங்க" என்றார். "உங்க பேர்லதான வந்து கீது. நீங்களே வெச்சிக்கோங்க."

திருப்பிக் கொடுத்தார். கேட்டைத் திறக்கவில்லை. கோபமாகவும் இல்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாத பயணிக்குச் சில்லறை கொடுக்கிற மாதிரி அளவான மரியாதை. குழாயை எடுத்துக்கொண்டு செடிகள் பக்கம் திரும்பினார்.

எனக்குப் பின்னால் பூங்காவில் கைத்தடிச் சத்தமும், என் மனைவி ஏதோ சொல்ல கண்டக்டரின் மனைவி சிரிப்பதும் கேட்டன. தென்காற்று மரங்களுக்கு நடுவே வந்து என் முதுகில் பட்டது, சட்டைக்குள் புகுந்தது. என்னைத் தாண்டிப் போய் அவர் வீட்டு வாசல் திரையைத் தூக்கியது. உள்ளே கூடம் தெரிந்தது. வெளிச்சமாக இருந்தது. நான் செய்த காரியத்தை நினைத்துக் கூசவேண்டிய நேரம் அது. கூசினேன்தான். ஆனால் அந்தக் கூடத்தில் நாற்காலியை எங்கே போட்டால் காற்று முகத்தில் படும் என்று என் கண் பார்த்துக்கொண்டிருந்தது.